கப்பலின் கண்ணில் படுவதற்கு: சிறுபடகுக்கான ஏஐஎஸ், ரேடார் ரிஃப்ளெக்டர், டார்கெட் என்ஹான்சர் – எதை வாங்கலாம், எதை வாங்கக் கூடாது

பாய்மரப் படகோ சிறு மோட்டார் படகோ வைத்திருப்பவர்களிடம், “இதை மாட்டினால் பெரிய கப்பல் உங்களைப் பார்த்துவிடும்” என்று சொல்லி விற்கப்படும் சாமான்கள் நாலைந்து வகை. அவற்றில் சில உயிர் காப்பவை. சில வெறும் மன ஆறுதலுக்கு மட்டுமே உதவுபவை, அதனாலேயே ஆபத்தானவை. இங்கே சொல்வதெல்லாம் 7 முதல் 12 மீட்டர் நீளமுள்ள ஃபைபர் அல்லது மரப் படகுக்குப் பொருந்தும். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஒரே ஒரு பொருள்தான் வாங்க முடியுமென்றால் 5 வாட் கிளாஸ் பி ஏஐஎஸ் டிரான்ஸ்பாண்டர் (படகின் இடத்தையும் வேகத்தையும் ரேடியோவில் தானாக அறிவிக்கும் கருவி) வாங்குங்கள். இரண்டாவது வாங்க முடிந்தால், அளவில் பெரிய, நல்ல ரிஃப்ளெக்டர், அதாவது கப்பலின் ரேடார் அலையைத் திருப்பி அனுப்பும் சாதனம். பேனா ஸ்டாண்ட் தடிமனில் வரும் குழாய் வடிவ ரிஃப்ளெக்டரை மட்டும் யாரும் வாங்காதீர்கள்.

கருவியை மதிப்பிடுவதற்கு முன், அது என்ன வேலையைச் செய்தாக வேண்டும் என்பது தெளிவாக வேண்டும். 20 நாட் (மணிக்கு 20 கடல் மைல்) வேகத்தில் வரும் கன்டெய்னர் கப்பல் ஒரு கடல் மைலை 3 நிமிடத்தில் கடந்துவிடும். மூட்டமான நாளில் 2 மைல் தொலைவில் அது கண்ணுக்குத் தெரிந்தால், உங்களிடம் வந்து சேர 6 நிமிடம். அந்த 6 நிமிடத்தில் 5 நாட்டில் போகும் படகு அரை மைல்தான் நகர்ந்திருக்கும். கப்பலின் நிலை இன்னும் மோசம். சர்வதேசக் கடல்சார் அமைப்பின் 2002 தரவிதிப்படி, சுக்கானை முழுதாகத் திருப்பிய கப்பல் முன்னோக்கி நழுவும் தூரம் அதன் நீளத்தைப் போல 4.5 மடங்குக்குள் இருக்க வேண்டும். முழு வேகத்திலிருந்து எஞ்சினைப் பின்னோக்கி ஓட்டி நிற்கும் தூரம் 15 மடங்குக்குள். 400 மீட்டர் கப்பலுக்குக் கணக்குப் போட்டால் திரும்புவதற்கே ஒரு கடல் மைல், நிற்க 6 கிலோமீட்டர். அந்தத் தரவிதிக்கு உட்பட்ட நல்ல கப்பலின் கணக்கே இது. மிகப் பெரிய கப்பல்களுக்கு நிற்கும் தூரத்தில் சலுகையும் உண்டு.

இன்னொன்று, மேல்தளத்திலிருந்து பார்ப்பவருக்குக் கப்பலின் முன்முனை மறைக்கும் கடற்பரப்பு. கப்பல் நீளத்தின் இரு மடங்கு அல்லது 500 மீட்டர், இரண்டில் எது குறைவோ அதற்கு மேல் மறையக் கூடாது என்பது சோலாஸ் என்ற சர்வதேசக் கடல் பாதுகாப்பு ஒப்பந்தத்தின் விதி. வேறு விதமாகச் சொன்னால், கப்பலுக்கு நேர் முன்னால் 500 மீட்டருக்குள் போய்விட்ட படகு, எல்லா விதியையும் கடைப்பிடிக்கும் கப்பலிலிருந்தும் கண்ணுக்குத் தெரியாமல் போகலாம். ஆகவே கருவியின் வேலை 500 மீட்டரில் இல்லை. குறைந்தது 5, 6 மைல் தொலைவிலேயே கப்பலின் காவல் அதிகாரி முன் உங்களைக் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். அதைச் செய்கிறதா, இல்லையா என்பதுதான் அளவுகோல்.

ஏஐஎஸ்: முதல் இடம் இதற்குத்தான்

ஏஐஎஸ் என்பது கப்பலின் பெயர், இடம், வேகம், திசை ஆகியவற்றை 161.975, 162.025 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசைகளில் தானாக ஒலிபரப்பும் விஎச்எஃப் (மிகு உயர் அதிர்வெண் ரேடியோ) கருவி. சர்வதேசப் பயணம் போகும் 300 டன்னுக்கு மேற்பட்ட கப்பல்களும் எல்லாப் பயணிகள் கப்பல்களும் கிளாஸ் ஏ வைத்திருக்க வேண்டும். உல்லாசப் படகுகளுக்கு உள்ளது கிளாஸ் பி.

கடையில் மூன்று வகை கிடைக்கும். கேட்பது மட்டும் செய்யும் ரிசீவர், 2 வாட் கிளாஸ் பி, 5 வாட் கிளாஸ் பி. மூன்றாவதைச் சில நிறுவனங்கள் ‘பி பிளஸ்’ என்று விற்கின்றன. ரிசீவர் மட்டும் வாங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். கப்பல் உங்களுக்குத் தெரியும், நீங்கள் கப்பலுக்குத் தெரிய மாட்டீர்கள். கைபேசிச் செயலியில் கப்பல் பார்ப்பதோ இதைவிட மோசம். அந்தத் தகவல் கரையிலுள்ள நிலையங்கள் கேட்டு, இணையம் வழியாக உங்களிடம் வருவது. சில நிமிடம் பழசாக இருக்கலாம், கரையை விட்டு விலகினால் வராமலே போகலாம். கப்பலைத் தவிர்க்க அதை நம்பக் கூடாது.

2 வாட்டுக்கும் 5 வாட்டுக்கும் உள்ள வேறுபாட்டைக் கடைக்காரர்கள் பலர் தப்பாகச் சொல்கிறார்கள். “5 வாட் வாங்கினால் அடிக்கடி ஒலிபரப்பும்” என்பார்கள். மோட்டார் படகுக்கு அது சரி. பாய்மரப் படகுக்குச் சரியில்லை. 2 நாட்டுக்கும் 14 நாட்டுக்கும் இடையே இரண்டு வகையும் 30 நொடிக்கு ஒரு முறைதான் இடத்தை அறிவிக்கும். 14 நாட்டைத் தாண்டினால்தான் 5 வாட் கருவி 15 நொடிக்கும், 23 நாட்டைத் தாண்டினால் 5 நொடிக்கும் மாறும்; 2 வாட் கருவி 30 நொடியிலேயே நிற்கும். 20 நாட்டில் ஓடும் படகு 30 நொடியில் 300 மீட்டருக்கு மேல் போய்விடும் என்பதால், வேகப்படகுக்கு இது பெரிய விஷயம்.

பாய்மரப் படகுக்கு 5 வாட் தரும் உண்மையான பலன் வேறு. ஏஐஎஸ் நேரத்தைச் சிறு சிறு துண்டுகளாகப் பிரித்துக்கொண்டு இயங்குகிறது. 2 வாட் கருவி, காலியான துண்டு இருக்கிறதா என்று காது கொடுத்துக் கேட்டுவிட்டு, இருந்தால் மட்டும் பேசும். நெரிசலான துறைமுக வாயிலில், நீங்கள் தெரிந்தே ஆக வேண்டிய அதே இடத்தில், அது வாய்ப்புக் கிடைக்காமல் காத்திருக்க நேரும். 5 வாட் கருவி கிளாஸ் ஏ கப்பல்களைப் போலவே தன் துண்டை முன்பதிவு செய்துகொள்ளும். இந்த ஒரு காரணத்துக்காகவே கூடுதல் விலை நியாயம்.

எம்-ட்ராக் பி954, டிஜிட்டல் யாட் ஏஐடி5000 இரண்டும் இந்த 5 வாட் வகை. இரண்டிலும் ஆன்டெனா ஸ்பிளிட்டர் (ரேடியோவும் ஏஐஎஸ்ஸும் ஒரே ஆன்டெனாவைப் பகிர உதவுவது) உள்ளேயே இருக்கிறது, வைஃபையும் உண்டு. வெஸ்பர் கோர்டெக்ஸ், விஎச்எஃப் ரேடியோவையும் ஏஐஎஸ்ஸையும் ஒரே பெட்டியில் தருவது. மோதல் எச்சரிக்கையைக் கைக்கருவியிலேயே காட்டுவது அதன் பலம். பழைய விஎச்எஃப் நன்றாக வேலை செய்கிறதென்றால் முதல் இரண்டில் ஒன்று போதும். எல்லாவற்றையும் புதிதாக மாட்டுகிறவர் மூன்றாவதைப் பார்க்கலாம்.

பெட்டியை விட மாட்டும் விதம்தான் பெரும்பாலும் கவிழ்த்துவிடுகிறது. மாஸ்ட் (பாய்மரக் கம்பம்) உச்சியிலிருந்து கருவி வரைக்கும் 20 மீட்டர் கேபிள் ஓடுகிறது என்று வையுங்கள். மெல்லிய ஆர்ஜி-58 கேபிள் போட்டால் கருவி தரும் சக்தியில் பாதிக்கு மேல் வழியிலேயே போய்விடும். தடிமனான ஆர்ஜி-213 போட்டால் இழப்பு மூன்றில் ஒரு பங்கு. 5 வாட் கருவிக்குக் காசு கொடுத்துவிட்டு ஆர்ஜி-58 போட்டவர் 2 வாட்தான் ஆன்டெனாவுக்கு அனுப்புகிறார். அடுத்தது இணைப்பான். மாஸ்ட் அடியில் இருக்கும் பிஎல்-259 இணைப்பானைத் திருகிக் கழற்றி, நடு ஊசியைச் சுற்றிப் பாருங்கள். பச்சையாகப் பூத்திருந்தால், கேபிளின் செம்புப் பின்னல் கறுத்திருந்தால், துடைத்துப் பயனில்லை. நல்ல செம்பு தெரியும் வரை கேபிளை வெட்டி, புது இணைப்பான் சாலிடர் செய்து, தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் நாடாவை இழுத்துச் சுற்ற வேண்டும். சாதாரண கறுப்பு இன்சுலேஷன் டேப் உப்புக்காற்றில் சில மாதங்களில் பிசுபிசுத்துக் கழன்றுவிடும்.

ஆன்டெனா மாஸ்ட் உச்சியில்தான் இருக்க வேண்டுமா? தேவையில்லை. மீட்டரில் இரண்டு உயரங்களின் வர்க்கமூலங்களைக் கூட்டி 2.25-ஆல் பெருக்கினால் விஎச்எஃப் எட்டும் கடல் மைல் கிடைக்கும். படகின் பின்பக்கக் கைப்பிடிக் கம்பியில் 2.5 மீட்டர் உயரத்தில் ஒரு ஆன்டெனா, கப்பலின் ஆன்டெனா 40 மீட்டரில் என்றால் சுமார் 18 மைல். கப்பல் உங்களை அறிய இது தாராளம். எனவே ஸ்பிளிட்டரை விட, ஏஐஎஸ்ஸுக்கென்று தனி ஆன்டெனாவைப் பின்கம்பியில் வைப்பதே என் விருப்பம். மாஸ்ட் முறிந்தால் விஎச்எஃப் ரேடியோவை அதில் செருகி உதவி கேட்கலாம். ரேடியோவில் பேசும்போது ஸ்பிளிட்டர் ஏஐஎஸ்ஸை வாயடைத்துவிடும் குறையும் இதில் இல்லை. ஸ்பிளிட்டர்தான் வசதி என்றால், ஒலிபரப்பும் ஏஐஎஸ்ஸுக்கென்றே செய்ததை வாங்குங்கள். ரிசீவருக்கான மலிவு ஸ்பிளிட்டரில் டிரான்ஸ்பாண்டரைச் செருகினால் ஏதாவது ஒரு கருவி எரியும்.

படகின் ரேடியோ அடையாளமான எம்எம்எஸ்ஐ எண் 9 இலக்கம். பெரும்பாலான கருவிகளில் அதை ஒரு முறைதான் பதிய முடியும். தப்பாகப் பதிந்தால் விற்றவரிடம் திருப்பி அனுப்ப வேண்டியதுதான். பதியும்போது இன்னொருவர் எண்ணை வாசிக்க, நீங்கள் தட்டுங்கள். படகின் வகைக்கான குறியீடு, பாய்மரமென்றால் 36, மற்ற உல்லாசப் படகென்றால் 37. பெயர், வகை, நீள அகலம் எல்லாம் 6 நிமிடத்துக்கு ஒரு முறைதான் போகும் என்பதால், கருவியைப் போட்ட உடனே மற்ற படகில் உங்கள் பெயர் தெரியவில்லையே என்று பதற வேண்டாம். ‘சைலன்ட்’ சுவிட்ச் (ஒலிபரப்பை நிறுத்துவது) உள்ள கருவியில் அது தவறி அழுந்தியிருக்கிறதா என்பதை ஒவ்வொரு பயணத்துக்கு முன்பும் விளக்கைப் பார்த்து உறுதி செய்யுங்கள்.

எல்லாம் சரியாக மாட்டியும் தூரம் எட்டவில்லையென்றால், மாஸ்ட் உச்சி எல்இடி விளக்கைச் சந்தேகியுங்கள். மலிவு எல்இடி விளக்குகளின் மின்சுற்று விஎச்எஃப் அலைவரிசையில் இரைச்சலைக் கொட்டுகிறது. அமெரிக்கக் கடலோரக் காவல்படை 2018-இல் இதைப் பற்றியே எச்சரிக்கை வெளியிட்டது. சோதிப்பது எளிது. எல்இடி விளக்குகளை அணையுங்கள். விஎச்எஃப்பை அமைதியான ஒரு சேனலில் வைத்து, இரைச்சல் கேட்கும் வரை ஸ்குவெல்ச்சை (இரைச்சலை அடக்கும் திருகு) தளர்த்தி, பிறகு இரைச்சல் நிற்கும் புள்ளிக்கு மட்டும் இறுக்குங்கள். இப்போது விளக்கைப் போடுங்கள். இரைச்சல் திரும்பி வந்தால் குற்றவாளி அந்த விளக்குதான். ரேடியோவைப் போலவே ஏஐஎஸ்ஸின் காதும் மந்தமாகியிருக்கிறது.

ஏஐஎஸ்ஸின் மோதல் எச்சரிக்கை அளவை ஆலையிலிருந்து வந்தபடியே விட்டால், துறைமுகத்தில் ஓயாமல் அலறும், எரிச்சலில் அணைத்துவிடுவீர்கள், பிறகு திறந்த கடலில் அது அணைந்தே கிடக்கும். இரண்டு தொகுப்பு வைத்துக்கொள்ளுங்கள். திறந்த கடலில் மிக அருகே வரும் தூரம் 1 மைல், அதற்கு மீதமுள்ள நேரம் 20 நிமிடம். துறைமுக வாயிலில் கால் மைல், 6 நிமிடம். அலையில் ஆடும் சிறுபடகின் திசை ஜிபிஎஸ்ஸில் இப்படியும் அப்படியும் அலைபாயும் என்பதால், திரையில் தெரியும் அருகாமைத் தூரமும் குதிக்கும். 0.4 மைல் என்று ஒரு கணம் காட்டியதை வைத்து நிம்மதி அடையக் கூடாது. ஒரு நிமிடம் பார்த்து, அதில் வந்த மிகக் குறைந்த எண்ணையே உண்மையாக எடுத்துக்கொள்ளுங்கள்.

ரிஃப்ளெக்டர்: அளவுதான் எல்லாம்

ஃபைபரும் மரமும் ரேடார் அலையைச் சரியாகத் திருப்பி அனுப்பாது. அலுமினிய மாஸ்ட், ரேடார் கதிர் செங்குத்தாகப் படும்போது மட்டும் மின்னும். படகு சாய்ந்தால் மறையும். அதனால்தான் ரிஃப்ளெக்டர். மூன்று தகடுகள் செங்கோணத்தில் கூடும் மூலையில் பட்ட கதிர் வந்த வழியே திரும்பும். அந்த எதிரொலி, தகட்டு நீளத்தின் நான்காம் அடுக்காக வளர்கிறது. நீளம் பாதியானால் எதிரொலி பதினாறில் ஒரு பங்கு. குழாய் வடிவ ரிஃப்ளெக்டர் தோற்பது இங்கேதான். 5 சென்டிமீட்டர் மூலைகளை ஒன்றன்மேல் ஒன்றாக எத்தனை அடுக்கினாலும், 20 சென்டிமீட்டர் மூலை ஒன்றுக்கு ஈடாகாது.

2006 ஆகஸ்டில் இங்கிலாந்தின் ஐல் ஆஃப் வைட் தீவுக்குத் தெற்கே ஊஸோ என்ற பாய்மரப் படகில் போன மூன்று பேர் இறந்தார்கள். பிரைட் ஆஃப் பில்பாவ் என்ற பயணிகள் கப்பல் அதன் மீது மோதியிருக்கும், அல்லது மிக அருகே கடந்து கவிழ்த்திருக்கும் என்பது பிரிட்டனின் கடல் விபத்து விசாரணைப் பிரிவு கண்ட முடிவு. அதைத் தொடர்ந்து கினெட்டிக் என்ற பிரிட்டிஷ் பாதுகாப்புத் தொழில்நுட்ப நிறுவனத்திடம் சந்தையிலுள்ள ரிஃப்ளெக்டர்கள் சோதனைக்குக் கொடுக்கப்பட்டன. 2007-இல் வந்த அந்த அறிக்கை, சிறுபடகு வைத்திருக்கும் எவரும் கவனிக்க வேண்டியது. படகில் பொருத்த முடிந்ததில் மிகப் பெரியதைப் பொருத்துங்கள், எதிரொலிப் பரப்பு (ரேடாருக்கு எவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்ற அளவு) குறைந்தது 2 சதுர மீட்டர் சீராகக் கிடைக்க வேண்டும், 4 அங்குலக் குழாய் ரிஃப்ளெக்டர் பொருத்தமற்றது என்று அது சொன்னது. மோசமானதை மாட்டுவதால் வரும் பொய்யான நிம்மதியையும் எச்சரித்தது. அதே குழாய்கள் இன்றும் விற்பனையில் இருக்கின்றன. காரணம், அவை மாஸ்ட்டின் பக்கக் கம்பியில் அழகாக ஒட்டிக்கொள்கின்றன, பாயில் சிக்குவதில்லை.

மின்சாரம் வேண்டாத வகைகளில் அந்தச் சோதனையில் நன்றாக நின்றது பெரிய டிரை-லென்ஸ் என்ற ரிஃப்ளெக்டர். 10 டிகிரிக்கு மேல் சாய்ந்தாலும் அதன் எதிரொலி விழவில்லை. பாய்மரப் படகுக்கு இதைவிட முக்கியமான குணம் வேறில்லை. எடை உச்சியில் ஏறும் என்பதுதான் யோசிக்க வைக்கும். எக்கோமேக்ஸ் இஎம்230, 16 அங்குல எண்முக ரிஃப்ளெக்டர் இரண்டும் நிமிர்ந்த நிலையில் நல்லவை, சாய்ந்தால் குறைபவை. மோட்டார் படகுக்கு இவை போதும்.

கையில் காசு குறைவென்றால் எண்முகமே. ஆனால் தொங்கவிடும் விதம் தெரிய வேண்டும். கூர்முனையில் கயிறு கட்டித் தொங்கவிடுவது தவறு. ஒரு குழி (மூன்று தகடுகள் கூடும் மூலை) நேரே வானத்தைப் பார்த்து, மழை பெய்தால் அதில் தண்ணீர் தேங்குகிற மாதிரி இருக்க வேண்டும். அப்போதுதான் மற்ற ஆறு குழிகள் சுற்றிலும் கடலைப் பார்க்கும். கடலிலிருந்து 4 மீட்டர் உயரமாவது வேண்டும். மடக்கும் வகையில் தகடுகளைப் பிடிக்கும் மூலைத் துண்டுகள் தளர்ந்து, தகடு சில மில்லிமீட்டர் கோணலானாலே செங்கோணம் கெட்டு எதிரொலி குறையும். லாக்கருக்குள் நங்கூரச் சங்கிலிக்கு அடியில் நசுங்கிய எண்முகம் குப்பைக்குத்தான்.

டார்கெட் என்ஹான்சர்

கப்பலின் ரேடார் துடிப்பைக் கேட்டு, பெருக்கி, உடனே திருப்பி அனுப்பும் மின்கருவி இது. கினெட்டிக் சோதனையில் எல்லாவற்றிலும் முதலிடம் பிடித்தது இந்த வகையைச் சேர்ந்த சீ-மீ. ரேடார் கதிர் படும்போதெல்லாம் விளக்கெரிவதால், பனிமூட்டத்தில் அருகே கப்பல் இருக்கிறது என்று உங்களுக்கும் தெரியும்.

குறை ஒன்றுண்டு, சின்னது அல்ல. சீ-மீ 9 கிகாஹெர்ட்ஸ் எக்ஸ் பேண்டு ரேடாருக்கு மட்டும் பதில் சொல்லும். கனமழையில் எக்ஸ் பேண்டு திரை வெளிறிப் போவதால், பெரிய கப்பல்கள் 3 கிகாஹெர்ட்ஸ் எஸ் பேண்டை நம்பும். நீங்கள் கண்ணுக்குத் தெரியாத அதே நேரத்தில் கருவியும் ஊமையாகிவிடும். சாதாரண ரிஃப்ளெக்டருக்கும் எஸ் பேண்டில் எதிரொலி பத்தில் ஒரு பங்காகச் சுருங்கும் என்பதால் அது கைகொடுக்காது. வாங்குவதென்றால் எக்கோமேக்ஸ் ஆக்டிவ்-எக்ஸ்எஸ் போல இரண்டு பேண்டுக்கும் பதில் சொல்வதையே வாங்குங்கள். மாஸ்ட் உச்சியில் வேறெதுவும் மறைக்காத இடம் வேண்டும். பேட்டரி தீர்ந்தால் படகு மறுபடி வெறும் ஃபைபர்தான் என்பதால் சிறிய ரிஃப்ளெக்டராவது கூடவே இருக்கட்டும்.

விளக்குகளைப் பற்றி ஒரு வார்த்தை. 12 மீட்டருக்குக் குறைந்த படகின் சிவப்பு, பச்சை விளக்கு 1 மைல் தெரிந்தால் விதி திருப்தியடையும். 20 நாட் கப்பலுக்கு அது 3 நிமிடம். ஆகவே 12 முதல் 20 மீட்டர் படகுக்கான 2 மைல் விளக்கை வாங்கி மாட்டுங்கள். பாயில் மட்டும் போகும்போது மாஸ்ட் உச்சி மூவண்ண விளக்கு போடலாம். எஞ்சின் ஓடினால் கூடாது.

மாட்டிய பிறகு

1972 மோதல் தடுப்பு விதிகளில் பாய்மரப் படகுக்கு எஞ்சின் கப்பல் வழிவிட வேண்டும் என்ற வரியை மட்டும் பிடித்துக்கொள்பவர்கள் உண்டு. 9-ஆம் விதி குறுகிய கால்வாயிலும், 10-ஆம் விதி பிரிக்கப்பட்ட கப்பல் தடத்திலும், 20 மீட்டருக்குக் குறைந்த படகும் பாய்மரப் படகும் கப்பலுக்கு இடைஞ்சலாக இருக்கக் கூடாது என்கின்றன. தடத்தைக் கடக்க வேண்டியிருந்தால் படகின் மூக்கை அதற்குச் செங்குத்தாக வையுங்கள். நீரோட்டம் பக்கவாட்டில் தள்ளினாலும் பரவாயில்லை.

ஏஐஎஸ் திரையில் எல்லோரும் இருப்பதாக நினைக்கக் கூடாது. போர்க்கப்பல் அணைத்து வைத்திருக்கும், சிறு மீன்பிடிப் படகில் இருக்கவே இருக்காது. கைத் திசைகாட்டியில் கப்பலின் கோணத்தை எடுங்கள். சில நிமிடம் கழித்தும் அது மாறாமல், கப்பல் மட்டும் பெரிதாகிக்கொண்டே வந்தால் மோதல் பாதைதான்.

விலகுவதென்றால் சீக்கிரம், பெரிதாக, கப்பலின் பின்பக்கம் நோக்கி. 10 டிகிரி திருப்பம் யாருக்கும் தெரியாது. 40, 60 டிகிரி திருப்புங்கள். திருப்பிய பின் அந்தத் திசையிலேயே 3 நிமிடமாவது அசையாமல் போங்கள். உங்கள் கிளாஸ் பி அடுத்த தகவலை அனுப்ப 30 நொடி ஆகலாம். கப்பலின் ரேடார் உங்கள் புதிய போக்கைத் தோராயமாகச் சொல்ல 1 நிமிடமும், உறுதியாகக் கணித்துச் சொல்ல 3 நிமிடமும் எடுத்துக்கொள்ள விதியே இடம் தருகிறது. அதற்குள் மனம் மாறி மறுபடி திரும்பினால், கப்பலின் அதிகாரி முன்னால் இருப்பது நீங்கள் விட்டுவிட்டு வந்த திசைதான்.